கிழக்குப் பக்கத்துக் கிணறு

செண்டாய்
28 மார்ச் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு, சியே எழுதுவது.

இங்கே பனி உருகி ஊரே சேறாகக் கிடக்கிறது. அங்கே இன்னும் தொழுவத்துக் கதவைத் தோண்டித்தான் திறக்கிறீர்களா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணியின் இருமல் நின்றதா? நான் நலம். பள்ளி விடுமுறை என்பதால் என் மருத்துவ அறையில் கட்டில்கள் காலி. வயிற்றுவலி என்று பொய் சொல்லி வருகிறவர்கள்கூட இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை.

போன ஞாயிறு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு அம்மாள் மழையும் பனியுமாகக் கொட்டும்போது நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கண்ணெதிரிலேயே சரிந்து விழுந்தார். ஓடிப்போய் நாடி பார்த்தால், "மயக்கமெல்லாம் இல்லம்மா, காலையில சாப்பிட மறந்துட்டேன். முதல்ல அந்தத் தாளுங்க நனையாம எடு, என்னை அப்புறம் பாக்கலாம்" என்கிறார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. பக்கத்துக் கடையில் சூடாக நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

பெயர் ஹட்சு. சலவைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தம்பி ஓயமா தொகுஜி இருபத்தாறு வருடமாகச் சிறையில் இருக்கிறார். தான் வேலை பார்த்த மரஅறுவை மில் முதலாளியின் வீட்டுக்குத் தீ வைத்து முதலாளியையும் மனைவியையும் கொன்றதாக ஆயுள் தண்டனை. இருபத்தொரு நாள் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து வாங்கிய வாக்குமூலம் தவிர வேறு சாட்சியம் இல்லையாம். மறுவிசாரணை கேட்டு ஒரு சங்கம் நடத்துகிறார்கள்.

நடந்தது மினேசாவாவில், அண்ணா. 1953 ஜனவரி. நீங்கள் அப்போது அந்த ஸ்டேஷனில்தானே போலீஸ்காரராக இருந்தீர்கள்? அந்த ஆளைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், ஹட்சு அக்காவிடம் சொல்கிறேன்.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். கழுத்துத் துண்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள் தங்கை
சியே


நகஷிபெட்சு, ஹொக்கைடோ
6 மே 1979

அன்புள்ள சியே,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதம். மூன்று பசுக்கள் ஒரே வாரத்தில் கன்று போட்டன. ஒன்று கால் முன்னே வந்து சிக்கிக்கொண்டு, நானும் உன் அண்ணி தோமியும் கயிறு கட்டி இழுத்தோம். அவள் இழுத்த இழுப்பில் கன்று வந்துவிட்டது, நான்தான் பின்னால் சாணத்தில் விழுந்தேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

முழங்கால் பரவாயில்லை. பையன் மினோரு குஷிரோவில் நலமாக இருக்கிறான். போலீஸ் வேலை இரண்டாவது வருடம், உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது.

உனக்குக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். நனைந்து நின்று காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளாதே. கணவர் போய் மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறாய், படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் கால் நீட்டி உட்கார்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை. இங்கே இப்போதுதான் புல் தலைகாட்டுகிறது.

அண்ணன்
இசாமு


செண்டாய்
17 ஜூன் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

கருவாடு வந்தது. பாதியை நான் சாப்பிட்டேன். மீதியை நீங்கள் போகாதே என்று சொன்ன இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சிறு வயதிலிருந்தே நீங்கள் ஏறாதே என்று சொன்ன மரத்தில்தானே நான் ஏறுவேன்.

ஆமாம், சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சங்கம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். சலவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, எட்டுப் பேர். கீழிருந்து இஸ்திரி ஆவி ஏறி எங்கள் தலைமயிரெல்லாம் சுருண்டுவிடுகிறது. வக்கீல் அரயாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வழக்குக் காகிதக் கட்டை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். குமகாய் வாத்தியார் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். தொகுஜிக்கு உறவினர் மட்டும்தான் கடிதம் எழுதலாம் என்பதால், எங்கள் எட்டுப் பேர் விஷயத்தையும் ஹட்சு அக்கா தன் கையெழுத்தில் எழுதி அனுப்புகிறார். அவர் பதிலை ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் படிப்போம். சில வரிகளில் சிறை அதிகாரிகள் கறுப்பு மை பூசியிருப்பார்கள். அங்கே வந்ததும் ஹட்சு அக்கா, "இங்க ஏதோ நல்ல விஷயம் சொல்லியிருக்கான்" என்பார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்திருந்தால் அவர் எப்போதோ நன்னடத்தையில் வெளியே வந்திருக்கலாம். மாட்டேன் என்கிறார்.

வாக்குமூலத்தோடு அவர் கையால் வரைந்த வீட்டுப் படம் ஒன்று இருக்கிறது. அதுதான் அரசு தரப்பின் பெரிய பலம். ஆனால் அந்தப் படத்தில் கிணறு களஞ்சியத்துக்குக் கிழக்கே இருக்கிறது. நிஜத்தில் மேற்கே. குமகாய் வாத்தியார் நேரில் போய்த் தூர்ந்த கிணற்றை அளந்துவிட்டு வந்தார். "அஞ்சு வருஷம் அந்த முற்றத்துல தினமும் தண்ணி இறைச்சவனுக்குக் கிணறு எந்தப் பக்கம்னு தெரியாதா?" என்று கேட்கிறார். பதற்றத்தில் மாற்றிப் போட்டுவிட்டான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே. மறந்திருப்பீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உங்கள் ஊரில் மழைக்காலமே இல்லை என்று பெருமை பேசுவீர்கள். பேசுங்கள்.

சியே


நகஷிபெட்சு
25 ஜூன் 1979

சியே,

உன் கடிதம் நேற்று வந்தது. உடம்பு நலம்தானே.

மூன்று நீதிமன்றங்கள் விசாரித்து முடித்த விஷயம் அது. படித்தவர்கள், வருடக்கணக்கில் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். சலவைக் கடை மாடியில் உட்கார்ந்து அதைத் திருத்த முடியாது. உனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது, நல்ல பெயர் இருக்கிறது. இதை விட்டுவிடு. இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

வைக்கோல் அறுப்பு நடக்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

இசாமு

சியே, இது தோமி. அவர் உறையை ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதியிருக்கிறார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கறந்து முடித்த பசுவையே மறுபடி கறக்கப் போனார். அது உதைத்துவிட்டது. காயமில்லை. என்னம்மா எழுதினாய் நீ?


செண்டாய்
9 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயில் தணிந்துவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

எழுதாதே என்றீர்கள். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். இந்த ஒரு முறை மட்டும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னபடி கேட்கிறேன்.

தொகுஜியிடம் அந்த இருபத்தொரு நாளையும் நினைவிருக்கிறபடியெல்லாம் எழுதச் சொல்லி வக்கீல் கேட்டிருந்தார். நான்கு கடிதமாக வந்தது. மூன்றாவதைப் படிக்கும் முறை போன வாரம் எனக்கு வந்தது. அதில் ஒரு இடத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"பத்தொன்பதாம் நாள் படம் வரைந்த பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கதவருகே நிற்கும் இளம் போலீஸ்காரர் மட்டும் இருந்தார். அவர் எப்போதும் பேச மாட்டார். அன்றைக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். ஆஸ்பத்திரியில் பொடி மருந்து மடிக்கிற மாதிரி மடித்த தாள். உள்ளே உப்பும் கடற்பாசித் தூளும் போட்டு வறுத்த சோயா. 'என் தங்கச்சி நர்ஸுக்குப் படிக்குது. அதுதான் அனுப்பிச்சுது. சீக்கிரம் சாப்பிட்டுடு' என்றார். நான் சாப்பிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவர் பெயர் எனக்குத் தெரியாது."

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிக் கடிதத்தை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டேன்.

அண்ணா, நான் எதுவும் கேட்கவில்லை.

குளிர் வருவதற்குள் உங்களுக்கு ஒரு கம்பளி பனியன் பின்னி அனுப்புகிறேன். போன வருடத்து அளவுதானே?

சியே


செண்டாய்
18 நவம்பர் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

பனியனும் உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழமும் தனிப் பொட்டலமாக அனுப்பினேனே, கிடைத்ததா? உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டுமாவது எழுதுங்கள். எழுத விருப்பமில்லை என்றால் வெறும் தபால் அட்டையைப் பெட்டியில் போடுங்கள். முகவரி உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும்.

வக்கீல் அரயா மனுவைப் புதிதாகப் போடுகிறார். அந்த அறையில் இருந்த ஒருவர் வாய் திறந்தால் மட்டுமே இந்த முறை ஏதாவது நடக்கும் என்கிறார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் இருவரும் இறந்துவிட்டார்கள். கதவருகே நின்றவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

"இருந்தாலும் வருவாரா? இத்தனை வருஷம் வராதவரு" என்றார் ஒருவர்.

"பசிச்சவனுக்குப் பொட்டலம் கொடுத்த மனுஷன். தெரிஞ்சா வருவாரு. அவருக்கு இங்க ஒரு சங்கம் இருக்கறதே தெரியாது பாவம்" என்றார் ஹட்சு அக்கா.

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கீழே கழுவப் போய்விட்டேன். இந்தப் பத்து வாரமாக அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதீர்கள். பனியன் கை நீளமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள், சரி செய்து தருகிறேன்.

சியே


நகஷிபெட்சு
2 டிசம்பர் 1979

சியேவுக்குத் தோமி எழுதுவது.

உன்னைப் போல எனக்கு வரிசையாக எழுத வராது. உன் பொட்டலம் வந்தது. பனியனைப் போட்டுக்கொண்டுதான் தொழுவத்துக்குப் போகிறார். பழம் சாப்பிடவில்லை. அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. பேச்சுதான் நின்றுவிட்டது.

அக்டோபரில் ஒரு நாள் பால் வண்டி போனதும் என்னை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணம் ஆகி இருபத்துநாலு வருடம். போலீஸ் வேலை ஏன் விட்டீர்கள் என்று நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாடு பிடிக்கும் என்பார். நம் வீட்டில் மாட்டைப் பார்த்து முதலில் பயந்தவர் அவர்தான். அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

சியே, நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவரைக் கூப்பிடாதே. மினோரு போலீஸில் இருக்கிறான். அவன் அப்பா நீதிமன்றத்தில் ஏறிப் போலீஸுக்கு எதிராகப் பேசினால் அவனை யார் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடுவார்கள்? அவனுக்கு இருபத்துமூன்று வயது. அந்த வேலை என்றால் உயிர். அந்தச் சிறையில் இருக்கிறவரை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் எனக்கு ஒரே பிள்ளை. இப்படி எழுதுகிறவளை நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

உன் கையில் வெடிப்பு வந்திருக்கும். பசு மடிக்குப் போடுகிற களிம்பு அனுப்புகிறேன், மனிதர்களுக்கும் கேட்கும்.

தோமி


செண்டாய்
16 டிசம்பர் 1979

அன்புள்ள அண்ணிக்கு,

களிம்பு கேட்கிறது. மாட்டு வாசனை வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். இருமல் எப்படி இருக்கிறது?

உங்களைப் பற்றி நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. மினோருவைப் பிறந்த பத்தாம் நாள் இந்தக் கையில் வாங்கியவள் நான். அண்ணாவை நான் கூப்பிட மாட்டேன். வாக்குத் தருகிறேன்.

ஆனால் சங்கத்துக்கும் இனி போக முடியவில்லை. தெரிந்துகொண்டே ஹட்சு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் மடிக்க எனக்குத் தெம்பில்லை. மூன்று ஞாயிறு போகவில்லை. நேற்று அவரே வந்துவிட்டார், என் வெள்ளை அங்கிகளைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து எடுத்துக்கொண்டு.

"ஏன் வரலைன்னு கேக்க வரல. அலுத்துப்போச்சுன்னா ஓய்வெடு. நானே ஒரு தடவை மூணு மாசம் அவனைப் பாக்கப் போகல, தெரியுமா? ஒருவேளை செஞ்சுதான் இருப்பானோன்னு ஒரு நாள் தோணிடுச்சு. கூடப் பொறந்தவளுக்கே தோணிடுச்சு. இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டதான் சொல்றேன்" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன், அண்ணி. திறந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தேநீர் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

புது வருடம் உங்கள் எல்லோருக்கும் நன்றாக இருக்கட்டும். அரிசிக் கொழுக்கட்டை அண்ணாவுக்குச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள், அவர் அவசரமாக விழுங்குவார்.

சியே


நகஷிபெட்சு
24 பிப்ரவரி 1980

அன்புள்ள சியே,

நலம்தானே. இங்கே எல்லோரும் நலம்.

நீ தோமிக்கு எழுதிய கடிதத்தை அவள் சமையல் மேடையில் விரித்து வைத்துவிட்டுப் பால் கேன் கழுவப் போனாள். மறந்துபோய் வைத்துவிட்டேன் என்கிறாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தீ அணைந்த மறுநாள் மில் முதலாளி வீட்டுக்குப் போய் இடத்தைப் படம் வரைந்துகொண்டு வரச் சொல்லி விசாரணை அதிகாரி கசாய் என்னை அனுப்பினார். பனி பெய்துகொண்டிருந்தது, கை விறைத்துவிட்டது. அரைகுறையாகக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து சுத்தமாக வரைந்தேன். அப்போது கிணற்றைத் தப்பாகக் கிழக்குப் பக்கம் போட்டுவிட்டேன். சியே, அந்தத் தப்பு தொகுஜியுடையது இல்லை. என்னுடையது.

பத்தொன்பதாம் நாள் கசாய் என் படத்தை மேசையில் வைத்து அதன் மேல் மெல்லிய தாளைப் போட்டார். தொகுஜி அதற்கு முன் நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. மண்டியிட்டே உட்கார வைத்திருந்தார்கள். "உன் அக்காவையும் பிடிச்சாச்சு, பக்கத்து ரூம்ல இருக்கா. நீ வரைஞ்சா அவ வீட்டுக்குப் போலாம்" என்றார் கசாய். பக்கத்து அறையில் யாரும் இல்லை. எனக்குத் தெரியும். தொகுஜிக்கு விரல் நிற்கவில்லை. தாள் நழுவிக்கொண்டே இருந்தது. "பிடிடா" என்று கசாய் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தாளின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டேன். தொகுஜி கோட்டின் மேல் கோடு இழுத்தார். கிணறு வந்ததும் நின்று, "ஐயா, கிணறு இந்தப் பக்கம் இல்லீங்க" என்றார். கசாய் மேசையைத் தட்டினார். தொகுஜி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அவர் கிணற்றைக் கிழக்கேயே வரைந்தார்.

பொட்டலம் கொடுத்தது நல்ல மனசு என்று உங்கள் ஹட்சு அக்கா சொல்கிறார். தாளைப் பிடித்த கையால் கொடுத்தது அது.

தீர்ப்பு வந்த மறு வசந்தத்தில் வேலையை விட்டேன். அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை, உனக்கு நினைவிருக்கும். என் படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார் கசாய். நான் கிழிக்கவில்லை. பழைய குறிப்பேட்டுக்குள் வைத்து, இங்கே பூஜை அலமாரியின் கீழறையில் இத்தனை வருடமும் இருக்கிறது. எரிக்கவும் தைரியம் இல்லை, வெளியே எடுக்கவும் தைரியம் இல்லை.

போன வாரம் குஷிரோ போய் மினோருவிடம் சொன்னேன். நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். முழுக்கக் கேட்டான். "நான் போலீஸ் பரீட்சை எழுதினப்போ ஏன்ப்பா சொல்லல? அன்னிக்குப் பெருமைப்படுற மாதிரிதான இருந்தீங்க?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டான். சாப்பிடவில்லை. அதன் பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை.

இருந்தாலும் வருகிறேன். உன் வக்கீலிடம் சொல். தோமி படத்தை எண்ணெய்த் தாளில் சுற்றிவிட்டாள்.

நீ என்னைக் கேட்காமலே இருந்தாய். கேட்டிருந்தால் மறுபடியும் கோபப்பட்டிருப்பேன்.

அண்ணன்
இசாமு


செண்டாய்
9 மார்ச் 1980

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் விடுப்பு எடுத்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு நேரே சலவைக் கடைக்குப் போனேன்.

ஹட்சு அக்கா ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. காலர், கை, முதுகு, எல்லாம் முடித்துச் சட்டையை மடித்து வைத்தார்.

"நீ எப்பலேந்து தெரிஞ்சு வெச்சிருந்த?"

"செப்டம்பர்லேந்து."

"ஆறு மாசம்" என்றார். "வக்கீலுக்கு இப்பவே போன் பண்ணு. பண்ணிட்டு வீட்டுக்குப் போ. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத."

படாமல் இருக்கிறேன். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வக்கீல் சொன்னார், நேற்று அவர் கடையை அடைத்துவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போனாராம். கதவருகே நின்றவர் கிடைத்துவிட்டார் என்று சொன்னதும் தொகுஜி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டாராம். காவலர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம்.

அண்ணா, எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு ஒளிப்பு. அதே சமயம், உங்களுக்கு மெத்தையைக் காயப் போட்டுவிட்டேன். வந்து இறங்கும் நாளை எழுதுங்கள், ரயில் நிலையத்தில் நிற்பேன்.

சியே


நகஷிபெட்சு
27 ஜூலை 1980

அன்புள்ள சியே,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கப்பலில் தோமி கட்டிக் கொடுத்த பையை மறந்து வைத்துவிட்டேன், அதில் உன் ஊறுகாயும் போய்விட்டது. அதற்கு மட்டும்தான் இங்கே திட்டு விழுந்தது.

நீதிபதி அறைக்குள் நடந்ததை வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. அரசு வக்கீல், "இருபத்தேழு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் வர்றீங்க?" என்று கேட்டார். "பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

நீ தாழ்வாரத்தின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், கிட்டே வரவில்லை. ஹட்சு அம்மா என்னிடம் என்ன பேசினார் என்று ஊருக்குக் கிளம்பும்வரை நீ கேட்கவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் குனிந்து வணங்கினேன். அவர் திருப்பி வணங்கவில்லை. "அந்த இருபத்தொரு நாளும் என் தம்பிக்கு என்ன சாப்பாடு போட்டாங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, சியே. ஒவ்வொரு நாளாகச் சொன்னேன். பார்லிச் சோறு, முள்ளங்கி, ஆறிப்போன சூப், இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "வெறுமனே கற்பனை பண்ணிக்கிட்டே இருந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்த எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. அது சரிதான் என்று தோன்றுகிறது.

மினோரு வந்தது எனக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு மாதத்துக்கு முன் தபால் அட்டையில் "எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டிருந்தான், எழுதியிருந்தேன். தாழ்வாரப் பெஞ்சில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தான். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் ஏறும்போது, "பெட்டியை மேல வெச்சுடுங்கப்பா, கால் நீட்ட இடம் கிடைக்கும்" என்றான். தோமியிடம் சொன்னேன். அதையே நான்கு முறை சொல்லச் சொன்னாள்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

இசாமு


செண்டாய்
19 ஏப்ரல் 1981

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் நலம். மினோருவின் தொப்பை குறைந்ததா?

தீர்ப்பு வந்த அன்று தந்தி கொடுத்தேன். அதற்குப் பிறகு கடிதம் எழுத உட்கார நேரமே இல்லை. மறுவிசாரணை நடத்த உத்தரவு, தண்டனையும் நிறுத்திவைப்பு. தொகுஜி வெளியே வந்து மூன்று வாரம் ஆகிறது. அரசு தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று வருடம் இழுக்கும் என்கிறார் வக்கீல் அரயா. அவர் சைக்கிள் ஒரு வழியாக உடைந்தேவிட்டது. உங்கள் படத்தைப் பற்றித் தீர்ப்பில் ஏழு பக்கம். குமகாய் வாத்தியார் அதை மனப்பாடம் செய்துவிட்டார்.

ஹட்சு அக்கா என்னோடு பேசுகிறார். எப்போது தொடங்கினார் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு, "அந்த நோட்டீஸ் கட்டை இப்படித் தள்ளு" என்றார், தள்ளினேன், அவ்வளவுதான்.

தொகுஜி கடையில்தான் இருக்கிறார். ஒல்லியாக, நரைத்த தலையோடு, மிகவும் மெதுவாகப் பேசுகிறார். கதவு எதிரே வந்தால் நின்றுவிடுகிறார். யாராவது திறக்கும்வரை காத்திருக்கிறார். "யாருக்குடா காத்துக்கிட்டு நிக்கற? தள்ளுடா, தொறக்கும்!" என்று அக்கா உள்ளிருந்து கத்துவார். தள்ளுகிறார், திறக்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள். நான் துணி மூட்டைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

சங்கம் இப்போது இன்னொரு வழக்கை எடுத்திருக்கிறது. மலைப் பக்கத்து ஊரில் ஒரு கிழவர், மருமகளைக் கொன்றதாக ஒன்பது வருடமாக உள்ளே இருக்கிறார். இன்று காலை ரயில் நிலையத்துக்கு எதிரே நோட்டீஸ் கொடுக்கப் போனோம். நானும் வருகிறேன் என்று தொகுஜியும் வந்தார். ஒவ்வொருவருக்கும் இடுப்பு வளைத்து வணங்கி நோட்டீஸை நீட்டுகிறார். அவர் நிமிர்வதற்குள் அந்த ஆள் போய்விடுகிறார். ஒரு மணி நேரத்தில் நான்கு தாள்கூடப் போகவில்லை.

கம்பெனி உடையில் வந்த ஒருவர் மட்டும் நின்று வாங்கிப் படித்தார். "இந்தப் பெரியவர் நிஜமாவே செய்யலையா? உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார்.

தொகுஜிதான் பதில் சொன்னார்.

"தெரியாதுங்க. நான் அவரைப் பாத்ததுகூட இல்ல. ஆனா அவரு ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்காராம். அதை ஒருத்தராவது உக்காந்து கேக்கணும்ல. அதுக்குத்தான் நிக்கறோம்."

அந்த ஆள் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது தொகுஜி என் பக்கத்தில் நடந்தார். உங்களைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் எடுத்ததில்லை. சலவைக் கடை முனை வந்ததும் நின்றார். "உங்க அண்ணனை மன்னிச்சிட்டீங்களான்னு பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அவரு மேல கோவமும் வருது, அவரைப் பாக்கணும்னும் இருக்கு. ரெண்டும் ஒரே நாள்ல வருது" என்றார். பிறகு உங்கள் முகவரி கேட்டார்.

நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சியே